சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர்

மூணாறு பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலையை உலர்த்தும் ட்ரையர் ஓட்டுபவர் முனீஸ்வரன். இயந்திரச் சத்தத்தையும் தாண்டிப் பேசிப் பழகியவர். அவர் ரகசியம் சொன்னால் கேன்டீன் வரை கேட்கும். சக தொழிலாளர்களின் மனக்கஷ்டத்தைக் கேட்க ஓர் ஆள் வேண்டுமென்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு அவர் லீவு. அதனால் மறுப்புச் சொல்ல ஆளில்லை.

பயிற்சி கொடுக்க, பாலக்காடு பக்கத்துச் சித்தூரிலிருந்து ஜீவிதா என்ற ஆலோசகர் வந்தார். "சந்தேகமா இருந்தா, சாகோணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேக்கறதுனால அந்த நெனப்பு புதுசா வந்துறாதுங்க. கேட்டுப்போட்டு, நீங்க பேசாம இருக்கோணும். அதுதான் முக்கியமுங்க."

முதல் பாதி முனீஸ்வரனுக்கு மிகவும் பிடித்திருந்தது. சந்தேகமே இல்லாதவர்களிடமும் கேட்க ஆரம்பித்தார். மறுநாள் காலை, தொழிற்சாலைப் பொறுப்பாளர் ஏசுரத்தினத்தை வாசலிலேயே மறித்தார்.

"சார், சாகணும்னு எதும் தோணுதா?"

"ட்ரையர்ல தீஞ்ச வாடை வருது. மொதல்ல அதப் போய்ப் பாருய்யா."

மனைவி முத்துப்பேச்சியையும் விடவில்லை. "சாகணும்னு தோணல. வேற என்னமோ தோணுது" என்று அவள் அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரே வாரத்தில், அவர் கேன்டீனுக்குள் நுழைந்தால் பெஞ்சுகள் காலியாகின.

ஒருவர் மட்டும் எழுந்து போகவில்லை. பேக்கிங் பிரிவின் புது சூப்பர்வைசர் சின்னமுத்து, திறக்காத சோற்று டப்பாவை வெறித்தபடி உட்கார்ந்திருந்தார். முனீஸ்வரன் வாய் நிறையச் சோற்றோடு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஆமாண்ணே" என்றார் சின்னமுத்து. "கொஞ்ச நாளா அதே நெனப்புத்தான்."

முனீஸ்வரன் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினார். உனக்கென்ன குறை, பிள்ளைகளை நினைத்துப் பார் என்று ஆயிரம் வார்த்தைகள் தொண்டைக்கு வந்தன. பேசிவிடுவோமோ என்று பயந்து இன்னொரு கவளத்தை வாயில் திணித்துக்கொண்டார்.

"சூப்பர்வைசர் ஆன பொறவு யாரும் எங்கூட ஒக்காந்து திங்க மாட்டேங்காங்க. தூக்கமே இல்லண்ணே. நான் எதுக்கும் ஆவ மாட்டேன்னு தோணுது. எம் பொண்டாட்டி ஆர்த்திட்ட சொன்னா பதறிருவா."

சின்னமுத்து பேசப் பேச முனீஸ்வரன் தின்றார். தன் சோறு தீர்ந்தது. எதிரே இருந்த டப்பாவைத் திறந்து அதையும் தின்றார். சின்னமுத்து அழுது முடித்தபோது கருவாட்டுக் குழம்பும் முடிந்திருந்தது.

"இன்னைக்கு ஒன்னத் தனியா விட மாட்டேன்" என்றார் முனீஸ்வரன், அவருக்கே அடையாளம் தெரியாத மெல்லிய குரலில். "டாக்டர்ட்ட போவமா?"

ஏசுரத்தினம் காரணம் கேட்காமல் இருவருக்கும் லீவு கொடுத்தார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவதென்று ஜீவிதாவிடம் போனில் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். வளைவுக்கு வளைவு முனீஸ்வரனின் வயிறு புரண்டது. ஆஸ்பத்திரியில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியதைப் பார்த்த டாக்டர், அவரைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு, "எப்பல இருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அவருக்கில்ல டாக்டர்" என்றார் சின்னமுத்து. பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "எனக்குத்தான். சாகணும்னு தோணிட்டே இருக்கு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் ஆர்த்தியை வரவழைத்தார்கள். அவள் பதறத்தான் செய்தாள். பிறகு சின்னமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரைகளை எப்படிக் கொடுக்க வேண்டுமென்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள்.

தூக்கம் மெல்ல மெல்லத்தான் திரும்பியது. இப்போதும் சில காலைகளில் சின்னமுத்து போன் செய்து, "இன்னைக்குக் கொஞ்சம் மோசம்ணே" என்பார். முனீஸ்வரன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.