இரண்டு இடது தோள்கள்

நூம்பல் அருகே குழாய் பதிக்கத் தோண்டி மூடிய சாலையில், முதல்நாள் பெய்த மழையில் மண் சேறாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதில்தான் எங்கள் ஸ்கூட்டர் சறுக்கியது. ஓட்டியவர் என் கணவர். பின்னால் காய்கறிப் பையோடு நான். வேகம்கூட இல்லை. வண்டி ஆற அமர இடது பக்கம் சாய்ந்தது, நாங்களும் அதே பக்கம் விழுந்தோம். தலைகளை ஹெல்மெட் காப்பாற்றியது. இடது தோள்களைக் காப்பாற்ற யாருமில்லை.

அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் எங்களைத் தூக்கி உட்கார வைத்தார். நாங்கள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே கையா?" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இன்னும் வலித்தது.

பூந்தமல்லி பக்கம் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எனக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள காறை எலும்பு நடுவில் முறிந்து, ஒரு துண்டின் மேல் இன்னொன்று ஏறியிருந்தது. என் கணவருக்கு எலும்பு முறியவில்லை. காறை எலும்பைத் தோளோடு பிடித்து வைத்திருக்கும் நார்கள் அறுந்து, எலும்பின் நுனி மேலே துருத்திக்கொண்டு நின்றது. எலும்பு டாக்டரம்மா அதை விரலால் அமுக்கினார், இறங்கியது. விரலை எடுத்ததும் ஹார்மோனியக் கட்டை மாதிரி எழுந்தது.

இரண்டுக்குமே ஆபரேஷன் செய்யலாம், செய்யாமலும் விடலாம் என்று அவர் சொன்னதும் எங்களுக்குத் தலை சுற்றியது. கையை வைத்து என்னென்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டார். நான் அம்பத்தூரில் ஒரு ஐ.டி. அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் தட்டுகிறவள். என் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர், இடதுகைக்காரர், சனிக்கிழமை தவறாமல் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் வாலிபால் ஆடுகிறவர். பந்தை அடிப்பது அந்தக் கையால்தான்.

அவர் அங்கேயே முடிவெடுத்துவிட்டார். ஆபரேஷன். எலும்பை இறக்கிக் கட்டிவிட்டால் சீக்கிரம் மைதானத்துக்குப் போகலாம் என்று கணக்கு. எனக்குக் கத்தி என்றாலே உதறல். கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் கையைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறேன் என்றேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. என் கணவரின் ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தார்கள். ஆனால் மழையில் பிடித்த சளி நெஞ்சில் இறங்கியிருந்ததால், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் முதலில் இருமல் நிற்கட்டும் என்று அதைத் தள்ளி வைத்துவிட்டார்.

அந்த இரண்டு வாரம் வீட்டில் இரண்டு தூளிகள். காலையில் அவருக்குச் சவரம் செய்தது நான். ஒரு மீசைநுனி கொஞ்சம் குறைந்துபோனது. தொழிற்சாலையில் யாரும் கவனிக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தலை பின்னிவிட்டவர் மேல்மாடி அக்கா. பின்னும்போதெல்லாம் புத்தூர் கட்டு போடும் நாட்டு வைத்தியரிடம் போகச் சொல்லி மூன்று பேரின் கதைகளைச் சொல்வார். மூவரும் அவருக்குச் சொந்தக்காரர்கள். தலை அவர் கையில் இருந்ததால் நான் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினேன்.

படுக்கத்தான் முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து தூங்கினாலும், லேசாகப் புரண்டால் எலும்புத் துண்டுகள் ஒன்றோடொன்று உரசி நறுக்கென்றது. அந்த உணர்வு வலியைவிட மோசம். எலும்பு முனை தோலைக் கூடாரம்போல் தூக்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது எக்ஸ்ரேயில் துண்டுகள் இன்னும் அதிகமாக ஏறியிருந்தன. டாக்டரம்மா படத்தை விளக்கின் முன் பிடித்துக் காட்டினார்.

"இப்படியே விட்டாலும் ஒட்டலாம். ஆனா குட்டையா ஒட்டும், தோள் சீக்கிரம் அசந்துபோகும். ஆபரேஷன் பண்ணி உலோகத் தகடு வச்சா நேரா ஒட்டும். தழும்பு விழும், அதுக்குக் கீழ கொஞ்சம் மரத்துப்போகும், கிருமி பயமும் ஓரளவு உண்டு. எது உங்களால தாங்க முடியும்னு யோசிங்க."

உங்கள் தங்கையாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"அவகிட்டயும் இதையேதான் கேட்பேன்."

அன்று அவர்மேல் கோபம்தான் வந்தது. யாராவது முடிவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தது. ஆனால் அந்த நறுக் சத்தத்தை இன்னும் ஒரு மாதம் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. தகடு வைத்துவிடுங்கள் என்றேன்.

அடுத்து என் கணவர் முறை. இருமல் நின்றிருந்தது. டாக்டரம்மா கையைத் தூக்கச் சொன்னார். நெற்றி வரை போனது. வலிக்கிறதா என்றதற்கு, அவ்வளவாக இல்லை என்று ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி சொன்னார். வெளியே வந்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னார்.

"எனக்கு வேணாம்னு தோணுது," என்றார். "பயந்துட்டேன்னு நினைக்காத."

"பயம்னாலும் பரவால்லைங்க. எனக்கும்தான் இருக்கு."

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "கொஞ்சம் பயம்தான்," என்றார்.

ஆக, கத்தி கேட்டவர் தூளியோடு இருந்தார், தூளி கேட்ட நான் கத்திக்குப் போனேன். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது ஒரு கையால் ஆரஞ்சு உரிக்கப் போராடிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பழத்தைக் கட்டிலோடு சேர்த்து முட்டியால் அழுத்திக்கொண்டிருந்ததில் படுக்கை விரிப்பெல்லாம் சாறு.

பிறகு பிசியோதெரபி, இருவருக்கும் ஒரே நேரத்தில். சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். யார் விரல் எவ்வளவு உயரம் என்று பென்சிலால் கோடு போட்டுப் போட்டியாக ஏற்றினோம். முதல் மாதம் அவர் ஜெயித்தார், பிறகு நான். ஐந்தாறு மாதத்தில் அவர் மைதானத்துக்குத் திரும்பினார். தோளில் மேடு அப்படியே இருக்கிறது, பந்தை அடிப்பதில் பழைய வேகம் முழுதாக வரவில்லை என்கிறார். முன்பு எவ்வளவு இருந்தது என்று நான் கேட்பதில்லை. எனக்குத் தழும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மரத்திருக்கிறது. துப்பட்டா அங்கே நழுவினால் தெரியாது. கைப்பையை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்துப் போனபோது, எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, தகட்டை எடுக்கலாம், தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விட்டும் விடலாம் என்றார் டாக்டரம்மா. இருக்கட்டும் என்று உடனே சொல்லிவிட்டேன். வராந்தாவில் என் கணவர், "யோசிச்சுப் பார்த்தா, தகட்டை எடுத்துடறதே..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் வெளியே ஐயப்பன்தாங்கல் பஸ் வந்து நின்றது. நான் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டேன்.