காலித் தோட்டாவும் கொழுந்துத் தராசும்

காலை ஏழரை மணி, என் கடை மேசையில் பதினொரு காலித் தோட்டாக்கள், எதிரே செல்வராஜ். துப்பாக்கி திருத்தும் தொழிலில் பாதி வாடிக்கையாளர்கள் துப்பாக்கியைக் கொண்டுவருவதில்லை, யோசனையைத்தான் கொண்டுவருவார்கள். நுவரெலியாவில் இதே தொழிலில் கடை வைத்திருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பத்து நிமிட வீடியோ

செல்வராஜ் உடப்புசல்லாவைப் பக்கம் அரை ஏக்கரில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார். காட்டுப்பன்றிக்காக லைசன்ஸ் எடுத்த துப்பாக்கி உண்டு, தோட்டா தீர்ந்துவிட்டது. புதிய பெர்மிட்டுக்கு இரண்டு மாதம், கிழங்கு தோண்ட மூன்று வாரம். நாலு பாத்தியைப் பன்றி ஏற்கனவே கிளறிவிட்டது.

வெளிநாட்டில் ஒருவர் காலி ரைபிள் தோட்டாவில் வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பும் வீடியோவை இவர் போனில் பார்த்திருக்கிறார். குறைந்த செலவில் தொடங்க வழி கேட்டார். இங்கே அது குற்றம், அவர் லைசன்ஸும் போகும், என் கடையும் போகும் என்றேன். என்னை அவர் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"அந்த வெள்ளக்காரன் டீ குடிச்சுக்கிட்டே அடைக்கிறான் நானா. எங்க வீட்டுல டீக்கா பஞ்சம்?"

தராசு

இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார். மருந்தைத் துல்லியமாக நிறுக்க வேண்டுமென்று வீடியோவில் சொன்னார்களாம். அதற்காக, தேயிலைத் தோட்டத்தில் கழித்துப்போட்ட கொழுந்துத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கொக்கி, முள், கிலோக் கோடு எல்லாம் இருந்தன, கிராம்தான் இல்லை.

பின்னாலேயே வந்துவிட்டார் அவர் மனைவி மாரியாயி. இருபது வருடமாகக் கொழுந்து பறிப்பவர். தராசைப் பிடுங்கி என் மேசையில் வைத்துவிட்டு, அவர் திரும்பக் கொண்டுவந்திருந்த காலித் தோட்டாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தெனம் நான் பறிச்ச கொழுந்துல ரெண்டு கிலோவ முழுங்குன தராசுங்க இது. இத நம்பியா மருந்து அளக்கப் போறீங்க?"

வேலி

மாரியாயி அந்தப் பதினொன்றையும் வேலிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். மழையில் வெடிமருந்து வாசம் போய்விடாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு காலி யோகட் தயிர்க் கோப்பையைக் கவிழ்த்தார். பன்றி வேலி வரை வந்து மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பிப் போனதாம். அடுத்த வாரம் செல்வராஜ் அதைச் சொல்வதற்கென்றே பஸ் ஏறி வந்தார்.

"சுட்டப்போ ஓடாத பன்னி, சும்மா தொங்கவிட்டதுக்கு ஓடுது. நான் என்ன லெச்சணத்துல சுட்டிருப்பேன்னு பாத்துக்கங்க நானா."

தைப்பொங்கலுக்கு மறுநாள் கிழங்கு முழுவதும் லொறியில் ஏறியது. தராசு மட்டும் இன்னும் என் கடையில், யாரும் கேட்டு வராமல் தொங்குகிறது.