யானை அடுத்த வீட்டுக்குப் போனது

பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கிறோம். போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, காட்டுயானை எங்கள் வாசலில் வந்து நின்றது. "ஆண்டவரே, எங்க வீட்ட விட்டு இதைப் போகச் சொல்லும்" என்று பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு ஜெபித்தேன். யானை நகர்ந்தது. ஆனால் நேராகப் போய், எங்களுக்கு அடுத்த, கடைசி வீட்டு ஸ்டெல்லாவின் சமையலறைச் சுவரை இடித்துத் தள்ளியது. அவள் கை முறிந்தது.

ஞாயிறன்று சபையில், ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொன்னேன். ஆராதனை முடிந்ததும் மாவுக்கட்டோடு ஸ்டெல்லா வந்தாள்.

"நானும் அதே ஜெபந்தான்க்கா பண்ணுனேன். நீங்க ஒரு போன் போட்டிருந்தா பின்வாசல் வழியா போயிருப்பேன்."



சமீபத்தில் யானை மறுபடி வந்தது. முதலில் ஸ்டெல்லாவுக்குத்தான் போன் போட்டேன். எல்லா வீட்டுக்கும் சொல்லி முடித்த பிறகே, லயம் முழுவதற்காகவும் முழங்காலிட்டேன். இனி எப்போதும் அப்படித்தான்.