சுவரில் ஏறிய போர்வை

எங்கள் கடையில் புதுத் துணி தைப்பதில்லை. கிழிசலைத் தைப்போம், இடுப்பைப் பிடிப்போம், நீளத்தைக் குறைப்போம். பக்கத்து மெஷின்காரியை எல்லோரும் குட்டையக்கா என்போம். ஆள் என்னவோ நல்ல உயரம்தான். பேன்ட் காலைக் குட்டையாக்கியே பாதி ஆயுளைக் கழித்ததால் வந்த பெயர் அது.

வெட்டிய கால் துண்டுகளை நாங்கள் குப்பையில் போடுவோம், அவள் சேர்த்துவைப்பாள். வெளுத்த துண்டை உள்பக்கம் மேலே வரும்படி திருப்பித் தைப்பாள், அங்கேதான் நிறம் சாகாமல் இருக்கிறதாம். அளவு போட்ட சாக்பீஸ் கோடுகளையும் அழிக்காமல் விடுவாள். வருஷக்கணக்காக அப்படித் தைத்த ஒரு போர்வையை, கலைச் சங்கத்தின் கண்காட்சிக்குக் கொடுக்க ஆசைப்பட்டாள். அவளுடைய அண்ணன் அங்கே செயலாளர். அவர் ஓவியர், பிறந்ததிலிருந்தே வீட்டில் அவருக்குத் தனி அறை. இவள் தைத்ததை ஒரு தடவையாவது அண்ணன் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

சங்கத்தார் கூடிப் பேசினார்களாம். பயன்படும் பொருள் கலையாகுமா என்றார் ஒருவர். தைத்தவள் என்ன நினைத்துத் தைத்தாள் என்று எழுதித் தரவில்லையே என்றார் இன்னொருவர். கடைசியில் அண்ணன்தான் தீர்த்துவைத்தார். தங்கை என்பதற்காகத் தராசைச் சாய்க்க மாட்டாராம், இது கைவேலை, கலை இல்லை. நியாயவான் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

நிராகரித்த போர்வையைத் திருப்பித் தரக்கூட ஆளில்லை. வெளியிலிருந்து நடுவர் வந்த அன்று, அதை இரண்டாக மடித்து டீ மேஜையில் விரித்துவிட்டார்கள். நடுவர் கப்பைத் தூக்கினார், துணியைப் பார்த்தார், உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். யார் செய்தது என்று கேட்டார். கலை இல்லை என்று தள்ளியதைத் தங்கை தைத்தாள் என்று எந்த வாயால் சொல்வார் அண்ணன்? பழைய சாமான் கடையில் கிடைத்தது, யாரென்று தெரியாது என்றார். முகம் தெரியாத கை என்று நடுவர் உருகிப்போனார். போர்வை நடுச்சுவரில் ஏறியது.

டீ கொடுத்த பெண் எங்கள் வாடிக்கைக்காரி, அவள் சொல்லித்தான் போய்ப் பார்த்தோம். கண்ணாடிக்குள் டீக் கறையோடு தொங்கியது. கீழே, ‘செய்தவர்: தெரியவில்லை.’ நான் கத்தியிருப்பேன், அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுவாரம் அண்ணன் கடைக்கு வந்தார். அக்காவோடு வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவரைக் கடையில் பார்க்கிறேன். அவளுடைய மெஷின் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார்.

“இதே மாதிரி இன்னும் ரெண்டு தைச்சுக் குடும்மா. கேக்கிறாங்க. ஆனா நீதான்னு யாருக்கும் தெரிய வேண்டாம்.”

அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கலை இல்லேன்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க?”

“அப்ப அது நீ தைச்சதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சேம்மா.”

சொன்னவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை, அதுதான் கொடுமை. அக்கா மடியிலிருந்த பேன்ட்டின் காலை வெட்டினாள். துண்டை எடுத்து, எங்களைப் போலவே, குப்பையில் போட்டாள்.