கோரிக்கை: முன்பு போல

திங்கட்கிழமை மாலை ஏழு மணி நாற்பது நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு ஜோடி மஞ்சள் ரப்பர் காலணி. தேக்கா உணவங்காடி நிலையத்தில் மேசை துடைக்கும் வேலையிலிருந்து அவர் நேராக வந்திருந்தார். காலணியில் இன்னும் ஈரம் இருந்தது.

போன ஆண்டு சிங்கப்பூரின் ஈசூனில் நடந்தது இது. ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள பாலர் பள்ளி வகுப்பறையில் வாரந்தோறும் மக்கள் சந்திப்பு நடக்கும். குடியிருப்பாளர்கள் வந்து குறை சொல்வார்கள். என்னைப் போன்ற தொண்டூழியர்கள் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் கடிதமாக எழுதுவோம். நாடாளுமன்ற உறுப்பினர் கையெழுத்திடுவார். கடிதம் உரிய அலுவலகத்துக்குப் போகும். நான் பல ஆண்டுகள் செய்தித்தாளில் துணையாசிரியராக இருந்தவன் என்பதால் தமிழ் பேசும் முதியவர்களை என்னிடம் அனுப்பிவிடுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, எதிரே அதே போல் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரரிடம் கதை கேட்பதுதான் என் வேலை. பத்தாவது ஆண்டு. உண்மையைச் சொன்னால், சலித்துப் போயிருந்தேன்.

ரப்பர் காலணிக்காரர் எங்கள் பழைய வாடிக்கை. அரசின் ஓரறை வாடகை வீட்டில் இருப்பவர். மணமாகாதவர். அத்தகைய வீட்டில் தனியாள் இருவரைச் சேர்த்துக் குடிவைப்பது இங்கே வழக்கம். இவருக்குக் கிடைத்தவரும் தமிழர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கத்தோலிக்கர். இருவரும் தமிழர்கள், ஒத்துப்போவார்கள் என்று எந்த அதிகாரியோ நினைத்திருக்க வேண்டும். முதல் மாதமே அறையின் நடுவில் ஒரு திரை ஏறியது. இவர் ஊதுபத்தி ஏற்றினால் அவர் இருமுவார். அவர் காலை ஐந்து மணிக்கு ரேடியோவைப் போட்டுவிட்டு, அதோடு சேர்ந்து பாடுவார். வீட்டில் ஒரே ஒரு சன்னல், அது அவர் பக்கம். எட்டு ஆண்டுகளாக இவர் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து, 'அந்த ரேடியோவை' (அந்த ஆளுக்கு இவர் வைத்த பெயர்) வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லி எழுதச் சொல்வார். நானும் எழுதுவேன். 'கவனத்தில் கொண்டோம்' என்று பதில் வரும்.

அன்றும் அவர் அமர்வதற்குள் கணினியில் பழைய கடிதத்தைத் திறந்துவிட்டேன்.

"என்னண்ணே, மறுபடியும் ரேடியோவா?"

"ரேடியோ இப்பப் பாடல தம்பி," என்றார்.

சொல்லத் தொடங்கினார். மூன்று வாரத்துக்கு முன்னால், காலை ஐந்து மணி. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, கூடப் பாடும் குரல் மட்டும் கேட்கவில்லை. திரையை விலக்கினால் ஆள் இல்லை. குளியலறையில் கிடந்தார். ஆம்புலன்ஸை அழைத்து இவரே கூடப் போயிருக்கிறார். பக்கவாதம், வலப்பக்கம். இப்போது மருத்துவமனையில் இருக்கிறார், சீக்கிரம் அனுப்பப் போகிறார்கள்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். விவரத் தாளில் பெயர், முகவரி, நடந்தது என்று கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'கோரிக்கை'.

"அங்க ஒரு சீனப் பொண்ணு இருக்கு தம்பி, சோசியல் வொர்க்கர். வீட்டுக்கு வந்தா யாரு பாக்கிறதுன்னு கேக்குது. பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போவணும். சோறு ஊட்டணும். நான் காலைல அஞ்சரைக்கு வேலைக்குப் போனா ராத்திரிதான் திரும்புற ஆளு. எனக்கும் எழுபத்தொண்ணு ஆச்சு. இந்த வயசுல..."

வரிசை எண்ணை அழைக்கும் அம்மாள் கதவருகே நின்று என்னைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார். இன்னும் இருவர் காத்திருக்கிறார்கள் என்று பொருள். இதோ முடிந்தது என்று நான் கையை உயர்த்தினேன்.

"புரியுதுண்ணே. நீங்க ஏன் கஷ்டப்படணும்? நான் எழுதிடுறேன்."

அவர் நிறுத்தினார். "சரியா எழுதிடுவீங்கல்ல?"

"இந்த வாட்டி அழுத்தியே எழுதுறேன்."

"அதான் வேணும்," என்று எழுந்து போனார். கோரிக்கைக் கட்டத்தில், அவர் 'இந்த வயசுல' என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, நான் எழுதி முடித்திருந்தேன்: முன்பு போல.

கடிதத்தை வந்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. பழைய ஆட்களுக்கு அதை விட்டுவிடுவோம். நான் அன்று எழுதியது நல்ல கடிதம். பழைய கடிதத்தில் பலமில்லாமல் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். புதிதாக ஒன்றும் இல்லை, அதுதான். இப்போது புதுத் தகவல் கிடைத்துவிட்டது. செய்தி மேசையில் பழகிய கை, பக்கவாதத்தை முதல் பத்திக்கு ஏற்றியது. நோயுற்றவரின் சுமையை எழுபத்தொரு வயது உழைப்பாளி தாங்க இயலாது, ஆகவே மருத்துவமனையிலிருந்து வருபவரை இந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று முடித்தேன். மருத்துவமனைக்கும் ஒரு பிரதி போட்டேன். உறுப்பினர் படித்துவிட்டு, தெளிவாக இருக்கிறது என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஐந்து வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். அன்று காலில் ரப்பர் காலணி இல்லை. துவைத்த சட்டை, வாரிய தலை. கையில் பிரித்த உறை.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்டக் காட்டினேன். அப்ரூவ், அப்ரூவ்னு சொன்னுச்சு. எப்பக் கூட்டிட்டு வரலாம்னு போட்டிருக்கா, பாருங்க."

"யாரண்ணே?"

"யாரா? ரேடியோவத்தான்!" சிரித்தார். "நாற்காலி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், நடுவுல ஓட்டை போட்ட நாற்காலி. திரையக் கழட்டிட்டேன் லா, இல்லாட்டி அந்த நாற்காலி திரும்பாது. வேலையும் மத்தியானத்துக்கு மாத்திக்கிட்டேன். காலைல நான் பாத்துக்குவேன், மத்தியானத்துக்கு எதிர்வீட்டு அம்மா எட்டிப் பாக்கிறேன்னு சொல்லிருச்சு."

கடிதத்தை வாங்கிப் படித்தேன். இரண்டாம் முறையும் படித்தேன். வேண்டுகோள் ஏற்கப்பட்டது. உடன் குடியிருந்தவர் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டார். புதன்கிழமை, நோயாளி முதியவர்களைப் பராமரிக்கும் தாதிமை இல்லத்துக்கு மாற்றப்படுகிறார். அவர் பெயர் குத்தகையிலிருந்து நீக்கப்படும். வேறொருவர் பின்னர் சேர்க்கப்படுவார்.

அன்றைய விவரத் தாளை எடுத்து வரச் சொன்னேன். என் கையெழுத்து. முன்பு போல.

செய்தித்தாளில் பிழை நேர்ந்தால் மறுநாள் உள்பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போடுவோம். வாசகரின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. இங்கே அவர் ஒரு முழத் தொலைவில் உட்கார்ந்திருந்தார். நான் செய்ததைச் சொன்னேன். மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

அவர் சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்தார்.

"அலாமா..." என்று மலாயில் அங்கலாய்த்தார். பிறகு, "எட்டு வருஷமா எழுதினப்ப ஒண்ணும் நடக்கல. வேணாங்கிறப்ப நடந்திருச்சு பாருங்க."

"ஏண்ணே, அந்தப் பொண்ணு கேட்டப்பவே நான் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கலாமே?"

"நானே பாத்துக்கிறேன்னு லெட்டர் வரும்னு சொன்னேன் தம்பி. வாய்ல சொன்னா யாரு எடுத்துக்குவாங்க? லெட்டர்ல வந்தாத்தானே."

இத்தனை ஆண்டு அவருக்கு அந்த நம்பிக்கையைப் பழக்கியவர்களில் நானும் ஒருவன்.

"உங்களுக்குத்தான் அவரைப் பிடிக்காதே," என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"இப்பவும் பிடிக்காது. ஆனா இந்த ஆளைப் பழக்க எட்டு வருஷம் ஆயிருக்கு. இனிப் புதுசா ஒருத்தர்கூடச் சண்ட போட எனக்குத் தெம்பு இல்ல." உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "போன வாரம் போனேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கோபம்னு நினைச்சேன். இந்த லெட்டரப் பத்திச் சொல்லியிருப்பாங்க, என்ன?"

அன்றே திருத்தக் கடிதம் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே சிறியது. தவறு கடிதம் எழுதியவருடையது, குடியிருப்பாளருடையது அல்ல என்று முதல் வரியிலேயே போட்டேன். உறுப்பினர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். மறுநாள் மருத்துவமனைக்கு நானே தொலைபேசினேன். அந்தச் சமூகப் பணியாளர் பெண் பொறுமையாகப் பேசினார். இல்லத்தில் படுக்கை கிடைப்பதே அரிது, கிடைத்ததை விட்டால் எப்போது என்று தெரியாது, மேலும் அவரைத் தூக்க இரண்டு பேர் தேவை என்றார். புதன்கிழமை ஆம்புலன்ஸ் சுவா சூ காங்கில் உள்ள தாதிமை இல்லத்துக்குப் போய்விட்டது. ஒன்றரை மாதம் கழித்து அலுவலகத்தின் பதில் வந்தது: உடல்நிலை தேறினால் மறுபரிசீலனை செய்யலாம்.

எப்படி எழுதியிருந்தாலும் அங்கேதான் போயிருப்பார் என்று சக தொண்டூழியர்கள் சொன்னார்கள். இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தவன் நான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, "உங்களுக்கு எப்பவும் அதான். ஆளு பேசி முடிக்கிறதுக்குள்ள தலைப்புப் போட்டுருவீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. முப்பது ஆண்டாகத் தெரிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள்.

அடுத்து அவர் வந்தபோது வேறு கடிதம் எழுதவா என்று கேட்டேன். கையை ஆட்டிவிட்டார். "லெட்டர் போதும். நீங்க வந்து உங்க வாயால அவருகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஈசூனில் ரயில் ஏறினோம். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ரொட்டியும் சவர பிளேடும். ரயில் உட்லண்ட்ஸைத் தாண்டியது. அப்புறம், "அவருகிட்ட சாரி கீரின்னு இழுக்காதீங்க தம்பி. விஷயத்த மட்டும் சொல்லுங்க," என்றார்.

ஆறு கட்டில் கொண்ட அறை. மூன்றாவது கட்டிலில் இருந்தவர் எங்களைக் கண்டதும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இந்தா, இவருதான் உன்னப் பத்தி எட்டு வருஷமா கம்ப்ளெயின்ட் எழுதினவரு," என்று இவர் அறிமுகம் செய்தார்.

நான் விஷயத்தை மட்டும் சொன்னேன். இவர் கேட்க வந்தது என்ன, நான் எழுதியது என்ன, நடுவில் நான் எங்கே கையை உயர்த்தினேன் என்பதெல்லாம். வேலையை மாற்றிக்கொண்டதையும் திரையைக் கழற்றியதையும் சொன்னேன். அவர் முகம் சுவரையே பார்த்தபடி இருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

பிறகு குழறலாக ஒரு சொல் வந்தது. "ரேடியோ?"

"ஓடுது. அஞ்சு மணிக்கு வச்சிருவேன்," என்றார் இவர். "சத்தம் கம்மியாத்தான்."

அவர் தலையை எங்கள் பக்கம் திருப்பினார். உதட்டின் ஒரு பாதிதான் அசைந்தது. "கூட்டி வை."

"வந்துட்டாருடா அதிகாரி!" என்று இவர் பையிலிருந்து பிளேடை எடுத்தார். தாதியிடம் வெந்நீர் கேட்டு, அவருக்குச் சவரம் செய்யத் தொடங்கினார். நான் சன்னல் ஓரம் நின்றேன். என்னை யாரும் மன்னிக்கவில்லை. அந்தப் பேச்சே எழவில்லை.

இப்போதும் திங்கட்கிழமைகளில் போகிறேன். சலிப்புக் குறைந்துவிட்டது என்று சொன்னால் பொய். அதே நாற்காலி, அதே முழங்கால் வலி. கோரிக்கைக் கட்டத்தை மட்டும், வந்தவர் எழுந்து நின்ற பிறகுதான் நிரப்புகிறேன். சிலர் எழுந்து நின்ற பிறகுதான் வந்த காரியத்தையே சொல்கிறார்கள் என்பது பத்து ஆண்டு கழித்து நான் கண்டது. சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள் இதற்கு முன் எத்தனை பேரோ என்ற எண்ணம் ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் வருகிறது.

அந்த ஞாயிறன்று வெளியே வரும்போது வருகையாளர் பதிவேட்டில் நேரம் எழுதச் சொன்னார்கள். பக்கங்களைப் புரட்டினேன். வாரம் இரண்டு முறை, கட்டிலில் இருந்தவர் முகம் கொடுக்காத வாரங்களிலும், இவர் வந்திருந்தார். 'உறவு' என்ற கட்டத்தில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் மகள், மருமகன், தம்பி என்று எழுதியிருந்தார்கள். இவர் ஒவ்வொரு முறையும் தமிழில் 'ஒரே வீடு' என்று எழுதியிருந்தார்.