சாவியை உருவியும் நிற்காத வேன்

எங்கள் வேன் அப்பாவுக்கும் மாமாவுக்கும் பொது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. காலையில் அப்பா எங்கள் ஊர்ப் பெண்களைச் செட்டிகுளம் பக்கம் வெங்காயக் காட்டு வேலைக்கு ஏற்றிப்போவார். சாயங்காலம் மாமா அதே வேனில் மூட்டை ஏற்றிப் பெரம்பலூர் போவார். இரண்டு வீட்டுக்கும் அதுதான் சோறு.

இருவருக்கும் பேச்சு கிடையாது. என் தம்பிக்கு மொட்டை போட்டபோது தாய்மாமனை வீடு தேடிப்போய் அழைக்காமல் அப்பா போனில் சொல்லிவிட்டார். அதில் வந்தது. பேசாவிட்டால் என்ன, அம்மா இருந்தாள். டயருக்குக் காற்று, டீசல், வாடகை எல்லாம் அவள் வழியாகத்தான் போய்வந்தன. நாளெல்லாம் களை பிடுங்கிவிட்டு வந்து இதையும் சுமப்பாள்.

பழைய இன்ஜின். ஆயில் குடிக்கும். மச்சினன் எங்கே ஊற்றியிருக்கப் போகிறான் என்று அப்பா காலையில் ஊற்றுவார். அவர் எங்கே ஊற்றியிருக்கப் போகிறார் என்று மாமா சாயங்காலம் ஊற்றுவார். ஆயில் கம்பியை உருவி அளவு பார்த்தவர் யாரும் இல்லை.

அன்று பள்ளிக்கூடம் லீவு. நானும் அம்மாவோடு காட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து ஊர் முக்கில் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியை வாங்கிக்கொள்ள மாமா காத்திருந்தார். அப்போது இன்ஜின் தானாகக் கத்த ஆரம்பித்தது. அப்பா சாவியை உருவினார். நிற்கவில்லை. சத்தம் இன்னும் ஏறியது. புகையில் எதிரே இருந்த டீக்கடை மறைந்துவிட்டது.

"வெடிக்கப்போவுதுடி, ஓடுங்கடி!" கூட வந்த ஒரு பெரியம்மா தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அப்பா டீசல் குழாயைப் பிடுங்கினார். டீசல் தரையில் கொட்டியது. அப்போதும் நிற்கவில்லை.

மாமா கத்தினார். "அக்கா, டீசல்ல ஓடல. ஆயில இழுத்து ஓடுது. காத்த அடைக்கச் சொல்லு அவர!"

அப்பா பக்கத்தில்தான் நின்றார். "எதக்கொண்டு அடைக்கிறதாம்? கேளு உந்தம்பிய!"

மாமா காற்று போகும் குழாயைக் கழற்றி, வெங்காயச் சாக்கை வைத்து அழுத்தினார். வலைச் சாக்கு. காற்று தாராளமாகப் போனது.

"சாக்கு பூராவும் ஓட்டன்னு சொல்லு!" என்றார் அப்பா.

அம்மா யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. வேலைக்காகச் சேலைக்கு மேல் போட்டிருந்த அப்பாவின் பழைய சட்டையைக் கழற்றினாள். சுருட்டினாள். மாமாவைத் தள்ளிவிட்டுக் குழாய் வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். இன்ஜின் இழுத்தது, குலுங்கியது, நின்றது.

அப்பா கம்பியை உருவினார். ஆயில் கோட்டுக்கு ரொம்ப மேலே இருந்தது. மிஞ்சிய ஆயில் காற்றோடு சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. அதைக் குடித்துத்தான் ஓடியிருக்கிறது.

"காலையில நான் ஊத்துனேன்னு சொல்லு."

"நேத்து நான் ஊத்துனேன்னு சொல்லுக்கா."

அம்மா சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் மாமா வந்து வாசலில் நின்றார். "அக்கா, ஆயில வடிச்சாச்சான்னு கேளு."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வடிச்சாச்சுன்னு சொல்லு" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

அதற்கும் நிமிரவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். பிறகு மாமா தொண்டையைச் செருமினார்.

"என்ன மச்சான், வடிச்சாச்சா?"

"ம். ஏர் பில்டர் ஒண்ணு வாங்கணும்."

"டவுனுக்குத்தான் போறேன். வாங்கிட்டு வரேன்."

இன்ஜின் சத்தத்தில் அம்மாவுக்குக் காது அடைத்துப்போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். அன்று முழுக்க அவளிடம் கத்திக் கத்திப் பேசினேன்.