நாடியக்காவின் நம்பர்

போனைக் கையில் வாங்கியதும் நாடியக்கா முதலில் அதன் சட்டையைத்தான் கழற்றுகிறார். ரப்பர் உறை, அதன்மேல் தோலுறை, இரண்டுக்கும் நடுவே மடித்துச் செருகிய பேருந்துச் சீட்டு, காதலி படம் என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வருகின்றன. பிறகு போனின் முதுகை இடது மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துக் கண்ணை மூடிப் பத்து வரை எண்ணுகிறார். நாடியக்கா என்ற பட்டம் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவரும் வழி சொல்ல மாட்டார்கள்.

"மேல கொதிக்குது, கீழ சில்லுன்னு இருக்கு. பேட்டரி பாவம், அது மேல பழியப் போடாதீங்க. உள்ள எதுவோ ஓயாம ஓடிக்கிட்டு இருக்கு."

நாலு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் கடை. உட்கார்ந்தே இருந்தால் பிழைத்தோம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். 'போன் சூடு, சார்ஜ் இறக்கம் பார்க்கப்படும்' என்று பலகை சொல்கிறது. தொலைபேசி எண் மட்டும் அதில் இல்லை. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "நம்பர் குடுத்தா செத்த போனுக்குப் பக்கத்து வீட்டு போன்ல இருந்து வைத்தியம் கேப்பாங்க. நாடி பார்க்க நோயாளி நேர்ல வர வேணாமா?"

ஆறரை மணிக்குத் தன் போனை அணைத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். பேருந்து ஓட்டும் கணவர் பதினொரு வருடமாக இதற்குச் சண்டை போட்டுத் தோற்றிருக்கிறார். "பகல் பூரா அதோடதான் மல்லுக்கட்டுறேன். ராத்திரியும் அதோட குடித்தனம் பண்ணணுமா?" என்பது அக்காவின் கட்சி.

திருப்புளியை எடுப்பதற்குமுன் கேள்விகள் வரும். எங்கே படுக்க வைக்கிறீர்கள்? தலையணைக்கு அடியிலா? சார்ஜ் போட்டுக்கொண்டே படம் பார்ப்பதுண்டா? சூடு தணியட்டும் என்று போனை ஃபிரிட்ஜில் வைத்த ஒரு கணக்கு வாத்தியாருக்குக் கடை வாசலிலேயே அர்ச்சனை நடந்தது. "வெளிய எடுத்ததும் உள்ள வேர்த்து ஊத்தும் சார். சும்மா விட்டிருந்தா ஆறியிருக்கும். இப்ப ஜலசமாதி!" பதினேழு ஆப் ஓயாமல் இருப்பிடம் பார்க்கும் போனோடு வந்த கல்லூரிப் பெண்ணிடம், "பெத்த அம்மாகூட உன்னை இத்தனை தடவ தேட மாட்டாங்க" என்று சொல்லி, பதினைந்தின் வாயை அடைத்து அனுப்பினார்.

எதிர்க்கடையில் போன் மேசையைத் தொடுவதற்குள் "பேட்டரி மாத்தணும்" என்பார்கள். இவரிடம் வரும் பத்துப் பேரில் ஏழு பேர் எதையும் மாற்றாமலே சரியாகிப் போகிறார்கள். அடக்கம் என்பது அக்காவின் அகராதியில் கிடையாது. "எனக்குத் தெரியாத சூடு இனிமேதான் பொறக்கணும்" என்பார்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். ஒரு தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஈரத்தில் ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"மத்தியானத்துக்குள்ள செத்துடுது அக்கா. சூடாயிடுச்சுன்னு எழுத்து வருது. ரெண்டு கடையில பேட்டரி மாத்திட்டேன். இது சாகவே கூடாது. தம்பிக்குக் கிட்னி கிடைச்சா ஆஸ்பத்திரியில இருந்து இதுலதான் கூப்பிடுவாங்க. எடுக்கலன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"போன் தம்பிகிட்டயே இருக்கலாமே?"

"வீட்டுக்கே ஒரு போன்தான். அவன் மருந்து மயக்கத்துல கெடக்கான். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்."

நாடி பார்த்தாயிற்று. பேட்டரி வரைபடத்தைத் திறந்தார். இரவெல்லாம் அசையாமல் கிடந்த கோடு, காலை எட்டு மணிக்குப் படிக்கட்டில் உருண்ட குடம்போல இறங்கியிருந்தது. நேற்றும் எட்டு, முந்தாநாளும் எட்டு.

"எட்டு மணிக்கு என்ன பண்ணுவீங்க?"

"வேலைக்குப் போவேன்."

"அப்ப போன் எங்க இருக்கும்?"

அந்தப் பெண் பெருமையோடு பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். இறுக்கமான மூடி. உள்ளே மெத்தைபோல மடித்த துணி, பக்கத்தில் பவர் பேங்க். "எங்க திரும்பினாலும் தண்ணி, ஆவி. இதுக்குள்ள ஒரு சொட்டு போகாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ திறந்து பார்த்துடுவேன். ஒரு மிஸ்டு கால்கூட இருக்காது."

அக்கா டப்பாவைக் கையில் வாங்கினார். போனை டப்பாவில் வைத்து மூடினார். அவளிடம் எண் கேட்டு, தன் போனிலிருந்து அழைத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். நீங்கள் அழைப்பவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது. மூடியைத் திறந்து, சற்றுப் பொறுத்து, மறுபடி அழைத்தார். கணீரென்று மணி அடித்தது.

"டப்பாவுக்குள்ள டவர் எட்டல. போன் மூச்சப் பிடிச்சுக்கிட்டு அதைத் தேடுது. அதான் சூடு, அதான் சார்ஜும் போகுது. போதாததுக்குப் பக்கத்துலயே பவர் பேங்க் சூடு வேற. சூடு ஏறினா போன் சார்ஜ் வாங்குறதையும் நிறுத்திடும்."

அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சு மாசமா இதுக்குள்ளதான் வெச்சிருந்தேன், அக்கா."

நாடியக்கா போனை அவள் மடியில் வைத்தார். "அழுகைய அப்புறம் வெச்சுக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போடுங்க."

மறுமுனையில் ஓர் ஆள் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. தம்பியின் பெயர் பட்டியலில்தான் இருக்கிறது. பொருத்தமான சிறுநீரகம் இன்னும் வரவில்லை. இருவருக்கும் மூச்சு வந்தது. "ஆனா பரிசோதனைக்கு வரச் சொல்லி போன வாரம் ரெண்டு தடவ கூப்பிட்டோம்மா, கிடைக்கல. கிட்னிக்குக் கூப்பிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? இன்னொரு நம்பர் சொல்லுங்க."

"இன்னொரு நம்பர் இல்லீங்களே..."

நாடியக்கா போனை அவள் கையிலிருந்து வாங்கினார். "எழுதிக்குங்க" என்று தன் நம்பரின் பத்து இலக்கங்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு இன்னொரு முறை சொன்னார்.

"இது யாரோட நம்பர்?"

"அக்கான்னு போட்டுக்குங்க."

திருகாணிகள் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவை மேசையில் கவிழ்த்துக் காலி செய்து, துடைத்து, அவளிடம் நீட்டினார். "இனிமே இதுல வைங்க. பவர் பேங்க் வெளிய இருக்கட்டும். டப்பாவ ஜன்னல் ஓரமா வைங்க, ஆவி படாம." எவர்சில்வர் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திருகாணிகளை அதில் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஆறரை ஆயிற்று. பழக்க தோஷத்தில் இழுப்பறையைத் திறந்து போனை உள்ளே வைத்தார் நாடியக்கா. அணைக்கப் போன விரல் நின்றது. போனை வெளியே எடுத்து, மணிச்சத்தத்தை அதற்குமேல் ஏறாத மட்டும் ஏற்றி, கையில் பிடித்துக்கொண்டு காலி இழுப்பறையைப் பூட்டினார்.